டாலர் இறங்கிய வருடமும் அரியமங்கலத்து வெள்ளியும்

டாலர் விழுகிறது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். காய்கறிக் கடையில் சொல்கிறார்கள், அம்மா மண்டபம் போகும் பஸ்ஸில் சொல்கிறார்கள். எதற்கு எதிராக விழுகிறது என்று கேட்டால் பதில் வராது. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன வாரம் நித்யா போன் செய்தாள். திருச்சி கண்டோன்மெண்டில் நான் வேலை பார்த்த கமாடிட்டி புரோக்கர் ஆபீசில் எனக்குப் பின்னால் சேர்ந்த பெண். இனிமேல் கிளைகளில் விலைச் சார்ட் பார்க்க ஆள் தேவையில்லை, சாஃப்ட்வேரே பார்த்து வாடிக்கையாளரின் செல்போனுக்கு அம்புக்குறி அனுப்பிவிடும் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டதாம். பச்சை அம்பு என்றால் வாங்கலாம், சிவப்பு என்றால் விற்கலாம். அவளை வேறு வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். "நீங்களும் மேடமும் எப்படிப் பார்த்தீங்கன்னு எங்கயாவது எழுதியாவது வச்சிருக்கலாம் சார்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் மனதில் தங்கிவிட்டது. எழுதுகிற அளவுக்கு என்னிடம் இப்போது சுறுசுறுப்பு இல்லை. முடிந்தவரை எழுதுகிறேன்.

எனக்கு லால்குடிப் பக்கம். விவசாயக் குடும்பம். காமர்ஸ் படித்துவிட்டு ஒரு பங்குத் தரகரிடம் கிளார்க்காகச் சேர்ந்தேன். விலையைப் போனில் கேட்டு, கிராஃப் தாளில் பென்சிலால் புள்ளி வைத்துக் கோடு இழுத்த காலம் அது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தங்கமும் வெள்ளியும் திரையில் கைமாறத் தொடங்கின. தரகர் கடையை மூடினார், நான் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். கற்றுக்கொண்டதெல்லாம் தப்பாக இழுத்த கோடுகளிலிருந்துதான். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

ரங்கநாயகி மேடம் எங்கள் கிளைக்குத் தலைவியாக வந்தபோது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அவர் என்னைவிட வயதில் சிறியவர். ஸ்ரீரங்கம் உத்தர வீதி. தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கைங்கர்யத்தில் இருக்கும் குடும்பம். அவர் மட்டும் கணக்கு படித்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். சிரித்துப் பேசிப் பார்த்ததில்லை. கோபப்பட்டும் பார்த்ததில்லை. நாம் சொன்னது பலித்தால் பாராட்ட மாட்டார், பலிக்காவிட்டால் திட்ட மாட்டார். முதல் சில மாதம் இது எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. மனிதன் ஏதாவது ஒன்றை எதிர்பார்ப்பான் இல்லையா?

காலையில் சந்தை திறப்பதற்கு முன் அவர் அறையில் பெரிய திரையின் முன்னால் இரண்டு பேரும் உட்காருவோம். நான் அதற்குள் சராசரிக் கோடுகள், ஆர்எஸ்ஐ, கலர் கலராக என்னென்னவோ போட்டு வைத்திருப்பேன். அவர் பார்த்துவிட்டு முதல் நாளே சொன்னார்: "அலங்காரத்தை எல்லாம் எடுத்துடுங்கோ செல்வராஜ் சார். முதல்ல திருமேனி தெரியட்டும்."

எல்லாவற்றையும் அழித்தேன். வெறும் விலை மட்டும் நின்றது. முதலில் மாதச் சார்ட், அது புரிந்த பிறகு வாரம், கடைசியில்தான் நாள். அன்றைய விலையை முதலில் பார்த்துவிட்டால் மனது அதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. பார்ப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. டாலர் இன்டெக்ஸ் முதலில், அடுத்து ரூபாய்க்கு டாலர், அதற்கப்புறம் தங்கம், வெள்ளி. 

டாலர் இன்டெக்ஸ் என்பது ஐரோப்பா, ஜப்பான் போன்ற ஒரு சில நாட்டுப் பணத்துக்கு எதிரே டாலர் எப்படி நிற்கிறது என்பதன் அளவு. அந்தக் கூட்டத்தில் நம் ரூபாய் கிடையாது. வாடிக்கையாளர்களுக்கு இதைப் புரிய வைப்பதுதான் பெரும்பாடு. டாலர் விழுகிறது என்றால் இங்கே டாலர் மலிந்திருக்க வேண்டுமே என்பார்கள். மேடம் நின்றுகொண்டேதான் பதில் சொல்வார். "டாலர் ஒரு படி இறங்கியிருக்கு. நம்ம ரூபாய் ரெண்டு படி இறங்கியிருக்கு. அப்போ நம்ம இடத்திலேருந்து பார்த்தா டாலர் ஒசரத்திலதானே தெரியும்?" இன்டெக்ஸில் டாலர் இறங்க, வெளிநாட்டுச் சந்தையில் தங்கம் ஏறும். இங்கே ரூபாயும் இறங்கினால் அந்த ஏற்றம் நமக்கு இன்னும் கூடிவிடும். 

எல்லாம் பார்த்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "எந்த விலை வந்தா நாம சொன்னது தப்பு?" அந்த விலையை ஜன்னல் கண்ணாடியில் மார்க்கரால் எழுத வேண்டும். எழுதாமல் எழுந்திருக்க முடியாது. எவ்வளவு ஏறும் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. யார் கேட்டாலும் சொன்னதுமில்லை.

என் சர்வீஸின் கடைசி வருடத்தில்தான் டாலர் இன்டெக்ஸ் உடைந்தது. பத்து வருடத்துக்கும் மேலாக மாதச் சார்ட்டில் அது சாய்வாக மேலே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அடியில் ஒரே கோட்டில் கால் ஊன்றி மேலேறும். அந்தக் கோட்டை உடைத்துக் கீழே போனது. கொஞ்ச நாளில் திரும்பி வந்து அதே கோட்டைக் கீழிருந்து தொட்டது. தொட்டுவிட்டு மறுபடி இறங்கிவிட்டது. மேடம் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆத்தைவிட்டு வெளியில போயிட்டு, திரும்பி வந்து கதவைத் தட்டறது. உள்ளே விடலை" என்றார். தங்கம் அதற்கு முன்னாலேயே ஏற ஆரம்பித்திருந்தது. வெள்ளிதான் ஒரு பழைய உச்சத்துக்குக் கீழே நின்றது. பல வருடங்களுக்கு முன் இரண்டு தடவை அங்கே போய் முட்டிக்கொண்டு விழுந்த இடம். நடுவில் இத்தனை வருடமும் கிண்ணம் போல ஒரு வளைவு.

ஜமால் பாய் எங்களிடம் வந்தது அப்போதுதான். குவைத்தில் பல வருடம் வேலை பார்த்துச் சேர்த்ததைப் போட்டு, அரியமங்கலத்தில் ஒரு ஷெட் பிடித்து வெள்ளிக் காண்டாக்ட் செய்துகொண்டிருந்தார். நாம் போடும் சுவிட்சுக்குள்ளே மின்சாரம் தாவுகிற இடத்தில் சட்டைப் பித்தான் மாதிரி வெள்ளியில் ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதுதான் காண்டாக்ட். ஒரு சுவிட்ச் கம்பெனி அவருக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தது. மாதா மாதம் சரக்கு போக வேண்டும், விலை மட்டும் முதலிலேயே முடிவாகிவிட்டது. வெள்ளியோ கையில் இல்லை. மாதா மாதம் பெரிய கடைவீதியில் வாங்கித்தான் உருக்க வேண்டும். "இறங்குமா மேடம்?" என்பதுதான் அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி.

மேடம் பதிலுக்கு, எந்த விலைக்கு மேல் போனால் உங்களுக்குக் கட்டாது என்று கேட்டார். பாய் யோசித்துச் சொன்னார். அது அந்தப் பழைய உச்சத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. வெள்ளி அந்த இடத்தை உடைத்துவிட்டால் எங்கே நிற்கும் என்று சொல்ல சார்ட்டில் மேலே ஒன்றுமே இல்லை. ஆர்டருக்கு எவ்வளவு வெள்ளி தேவையோ அதே அளவுக்குச் சந்தையில் இப்போதே ஒப்பந்தமாக வாங்கிப் போடுங்கள் என்றார் மேடம். முழு விலையும் வேண்டாம், அதில் ஒரு பங்கை வைப்புத் தொகையாகக் கட்டி வைத்தால் போதும். வெள்ளி ஏறினால் கடையில் கூடக் கொடுப்பது இங்கே லாபமாக வந்துவிடும். இறங்கினால் இங்கே போவது கடையில் மலிவாகக் கிடைத்துவிடும். மாதா மாதம் கடையில் வாங்கும்போது அந்த அளவை மட்டும் இங்கே விற்றுக்கொண்டு வரலாம். பாய்க்குப் புரிந்தது. வாங்கினார்.

வெள்ளி உடைத்தது. உடைத்தது என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். என் வாழ்நாளில் நான் அப்படி ஒரு சார்ட் பார்த்ததில்லை. ஆர்எஸ்ஐ என்று ஒரு அளவு உண்டு, எழுபதைத் தாண்டினால் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள் என்று பாடத்தில் இருக்கும். அது தாண்டி, தாண்டியபடியே உட்கார்ந்துவிட்டது. பாயின் கணக்கில் லாபம் தெரிந்தது. கடையில் அவர் கூடக் கொடுத்ததும் அதுவும் சரிக்குச் சரிதான். ஆனால் கடையில் கொடுத்தது கண்ணில் நிற்காது. செல்போனில் பச்சையாகத் தெரிவதுதான் நிற்கும்.

ஒரு நாள் காலையில் அவர் கணக்கைப் பார்த்த மேடம் என்னைக் கூப்பிட்டார். பாய் அத்தனையையும் விற்றிருந்தார். விற்றதோடு நிற்கவில்லை. வெள்ளி இறங்கும் என்று நம்பி, கையில் இல்லாததையும் எதிர்ப்பக்கம் விற்று வைத்திருந்தார். போன் செய்தால் எடுக்கவில்லை. மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாங்கோ, போயிட்டு வந்துடுவோம்" என்றார். வாடிக்கையாளரின் இடத்துக்குப் போய் இதை வாங்கு, அதை விற்காதே என்று சொல்லக் கூடாது என்பது ஆபீஸ் விதி. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆட்டோவில் அதைப் பற்றி நான் வாயெடுத்தேன். தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஷெட்டில் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய எவர்சில்வர் தட்டைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, பருப்பில் கல் பொறுக்குவதுபோல வெள்ளித் துண்டுகளில் சொட்டையானதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாய் எங்களைப் பார்த்ததும் திகைத்துப்போனார். டீ வாங்கிவரச் சொன்னார். வேலை செய்கிறவர்கள் காதில் விழாத மாதிரி மேடம் அவரை வாசல் பக்கம் தள்ளி அழைத்துக்கொண்டு போனார்.

"பாய், அடுத்த மாசச் சரக்குக்கு வெள்ளி எங்கே இருக்கு?"

"வாங்கணும் மேடம்."

"என்ன விலைக்கு?"

"இறங்கினதும் வாங்கிடுவேன். மச்சான் சார்ட்டெல்லாம் பாக்குறாரு. எழுபதுக்கு மேல போயிருச்சு, இனிமே இறங்கித்தான் ஆவணும்னாரு."

நான் செல்போனை எடுத்து, எழுபதைத் தாண்டியும் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போன பழைய சார்ட் ஒன்றைக் காட்டினேன். வேகம் இருக்கும்வரை அது அங்கேயே இருக்கும், அது தானாக விலையை இறக்கிவிடாது என்றேன். பார்த்தார். காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மேடம் சொன்னார்: "உங்க கணக்கில இருந்தது லாபம் இல்லை பாய். இந்தப் பொம்மனாட்டிகள் கைக்கு வரவேண்டிய வெள்ளி. அதைத்தான் வித்துட்டேள்."

பாய் முகம் சிறுத்துவிட்டது. "அப்ப ஏறும்னு சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா நான் வாங்கறேன்" என்றார்.

"ஏறும்னு நான் சொல்ல மாட்டேன். இறங்கினா உங்களுக்கு வெள்ளி மலிவா கெடைக்கும், எப்படியும் சமாளிச்சுடுவேள். ஏறினா இந்த ஷெட்டைப் பூட்டணும். அதுக்கு மட்டும்தான் பாதுகாப்பு வேணும்."

பாய் ரொம்ப நேரம் தட்டைச் சுற்றி இருந்த பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் செல்போனை எடுத்தார். எதிர்ப்பக்கம் விற்றதை நஷ்டத்தில் முடித்து, ஆர்டருக்குப் பாக்கி இருந்த அளவு வெள்ளியை அன்றைய விலைக்குத் திரும்ப வாங்கினார். அவர் தட்டி முடிக்கும்வரை மேடம் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றார். டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தோம்.

வெள்ளி இன்னும் ஏறியது. கண்ணாடியில் எழுதின விலையைத் தினம் அழித்து மேலே எழுத வேண்டியிருந்தது. பரிவர்த்தனைக் கூடம் வைப்புத் தொகையைத் திரும்பத் திரும்ப உயர்த்தியது. பாய் சமாளித்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை எல்லாம் சரிந்தது. டாலர் திடீரென்று நிமிர்ந்தது. தங்கம் இறங்கியது. வெள்ளியின் சிவப்புக் கோடு திரைக்குள் அடங்கவில்லை, அளவைக் குறுக்கிக் குறுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. பாயின் கணக்கில் நஷ்டம் ஏறி, வைப்புத் தொகை போதாமல் சிஸ்டமே அவருடைய வெள்ளியை விற்றுவிட்டது.

அன்றைக்கே பாயிடமிருந்து வந்த போனை நான்தான் எடுத்தேன். "நீங்க ரெண்டு பேரும் என் கடை வாசல்ல வந்து நின்னு வாங்க வச்சீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. மேடம் போனை வாங்கினார். "பாய், கடையில விலை கேட்டேளா? அங்கேயும் இறங்கியிருக்கு. நாளைக்குக் காலமே பாக்கி வெள்ளி மொத்தத்தையும் வாங்கி வச்சுடுங்கோ. காத்துண்டிருக்காதேங்கோ." அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

பத்து நாளில் தலைமை அலுவலகத்துக்குப் புகார் போயிற்று. கிளைத் தலைவி நேரில் வந்து வற்புறுத்தி வாங்க வைத்தார், பெரும் நஷ்டம் என்று. சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான். போனீர்களா என்று கேட்டார். போனேன் என்றார் மேடம். நான் குறுக்கிட்டு, அவர் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன். மேடம் கையைக் கொஞ்சம் தூக்கினார், நிறுத்திக்கொண்டேன். அதிகாரி போன பிறகு, ஏன் சொல்ல விடவில்லை என்று கேட்டேன். "கேட்டது போனேனான்னுதானே" என்றார்.

அவரை வடக்கே ஒரு ஊருக்கு மாற்றினார்கள். வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. மேடம் வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள் ஜன்னல் கண்ணாடியைத் தானே துணி வைத்துத் துடைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எனக்கும் சில மாதங்கள்தான். அந்த மாதங்களில் நான் பார்த்த சார்ட்டுகள் ஒன்றும் நினைவில் இல்லை. சரியாகத்தான் பார்த்திருப்பேன். இந்த வேலையில் சரியாகப் பார்ப்பது ஒரு பாதிதான். வாடிக்கையாளர் அதைத் தாங்குகிறாரா என்பது அடுத்த பாதி. அதற்கு எந்தக் கோடும் கிடையாது. நித்யா கேட்டதற்கு இதைவிட உபயோகமாக என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

போன மாதம் புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெஞ்சில் இடம் தேடும்போது பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். ஜமால் பாய். ஒரு கண்ணில் கட்டு. என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். உடம்பு ஒத்துழைக்கவில்லை, உட்கார்ந்தேன்.

அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். ஆர்டர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டதாம். அந்தச் சனிக்கிழமை காலையிலேயே பெரிய கடைவீதிக்குப் போய், இருந்ததெல்லாம் புரட்டி, பாக்கி வெள்ளி முழுவதும் வாங்கிவிட்டாராம். கணக்கில் போனது அதிலேயே வந்துவிட்டது என்று பிறகுதான் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கிறார். "புகார மச்சான் எழுதுனாரு சார். கையெழுத்துப் போட்டது நான்தான். இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். மேடம் வேலையை விட்டது அவருக்குத் தெரியாது. சொன்னேன். கட்டுப் போடாத கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்தாகவும் இருக்கலாம்.

"நம்பர் இருக்கா சார்? நான் ஒரு வார்த்தை பேசணும்" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். மேடம் எடுத்ததும் பாய் எழுந்து நின்றுகொண்டார். அவர் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. "ஆமாங்க மேடம், ஜமால்தான்... கண்ணு ஆபரேஷனுங்க, ஆஸ்பத்திரியில சாரப் பாத்தேன்... எல்லாம் அனுப்பியாச்சுங்க... இல்லங்க, யாரையும் நிறுத்தல. எல்லாப் பொண்ணுங்களும் இருக்காங்க." அந்தப் பக்கம் மேடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாய் சரிங்க, சரிங்க என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். போனை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

என்ன சொன்னீர்கள் என்று மேடத்திடம் கேட்டேன். 

"ஆபரேஷன் ஆன கண்ணோட வெள்ளி உருக்கற உலைப் பக்கம் போய் நிக்காதேங்கோன்னேன்" என்றார். "உங்களுக்கு என்ன, நீங்க எதுக்கு வந்தேள் அங்கே?"

பரிசோதனைக்குத்தான் என்றேன். நர்ஸ் வந்து, தலையைச் சாய்க்கச் சொல்லி இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டாள். கொஞ்ச நேரத்துக்கு எழுத்து எதுவும் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்றாள். போனைக் காதில் வைத்தபடியே மூடிக்கொண்டேன். மேடம் அப்பாவின் உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.